தண்ணீரை அளந்தது யார்? - வாரன் மாவட்டத்து நச்சுக்குழியின் வரலாறு

1978ஆம் வருஷம் ஜூன் மாசம் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ராத்திரி நேரங்களில் ஒரு டேங்கர் லாரி ஓடிக்கொண்டிருந்தது. அதன் குழாய் திறந்து கிடந்தது. அதிலிருந்து வழிந்த எண்ணெய் ரோட்டோரத்துப் புல்லில் ஒரே கோடாக விழுந்துகொண்டே போனது. பதினாலு மாவட்டங்கள். சுமார் 240 மைல் நீளம். மொத்தம் 31,000 கேலன், அதாவது ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் லிட்டர். காலையில் எழுந்து வந்த சனங்களுக்கு நாற்றமும் கருகிப்போன புல்லும்தான் தெரிந்தது. என்ன எண்ணெய், யாருடைய எண்ணெய் என்பது பிறகுதான் தெரிந்தது.

ராலே நகரத்தில் பழைய டிரான்ஸ்பார்மர்களை வாங்கி விற்கும் ஒரு கம்பெனியின் எண்ணெய் அது. அதில் பி.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலி குளோரினேட்டட் பைஃபினைல் கலந்திருந்தது. சுலபத்தில் தீப்பிடிக்காது, சூட்டில் கெட்டுப்போகாது, மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் ஐம்பது வருஷமாக டிரான்ஸ்பார்மரிலும் கண்டென்சரிலும் ஊற்றினார்கள். ஆனால் கெட்டுப்போகாத சரக்கு மண்ணில் விழுந்தாலும் கெட்டுப்போகாமல்தானே கிடக்கும்? மண்ணிலிருந்து மீனுக்கும் மாட்டுக்கும் போய், கொழுப்பில் தங்கி, கடைசியில் தாய்ப்பாலில் வந்து நிற்கும். 1968இல் மேற்கு ஜப்பானில் தவிட்டு எண்ணெயில் இது கசிந்து கலந்து, அதைச் சாப்பிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தோலெல்லாம் கொப்புளம் வந்து கிடந்தார்கள். 1976இல் அமெரிக்கா சட்டம் போட்டது. 1979இல் உற்பத்திக்குத் தடை வந்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013இல் திட்டவட்டமாகச் சொல்லியது.

சட்டம் வந்துவிட்டால் இந்த எண்ணெயை முறையாக அழிக்கக் காசு செலவாகும். ராத்திரியில் ரோட்டோரம் ஊற்றினால் லாரிக்கு டீசல்தான் செலவு. அவ்வளவுதான் விஷயம். ஊற்றியவர்களும் ஊற்றச் சொன்னவரும் கோர்ட்டுக்குப் போனார்கள், தண்டனையும் கிடைத்தது. ஆனால் இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது கிடையாது. ஊற்றிய எண்ணெயை மண்ணோடு சுரண்டி எடுத்து அரசாங்கம் எங்கே கொண்டுபோய்க் கொட்டியது, கொட்டிய பிறகு இருபது வருஷம் அங்கே என்ன நடந்தது என்பதைப் பற்றியது.

1978 டிசம்பரில் மாநில அரசு இடத்தைச் சொன்னது. வாரன் மாவட்டம் (கவுண்டி என்பார்கள், நம் மாவட்டத்தைவிட ரொம்பச் சின்னது), அஃப்டன் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் 142 ஏக்கர். அந்தக் காலத்தில் புகையிலைத் தோட்டங்களும் அடிமைகளும் நிறைந்திருந்த பூமி. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். மாவட்டத்தில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் கறுப்பர்கள். மாநிலத்தின் நூறு மாவட்டங்களில் வருமானத்தில் அடிவரிசையில் நின்றது. குடிக்கத் தண்ணீர் வீட்டுக் கிணற்றிலிருந்துதான்.

இதே மாவட்டத்தில் அதே வருஷங்களில் இன்னொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. சிவில் உரிமைப் போராட்டத் தலைவர்களில் ஒருவரான ஃபிளாய்டு மெக்கிஸிக், கறுப்பர்கள் முன்நின்று கட்டும் ஒரு புது நகரத்தை 1969இல் அறிவித்து, வாரன் மாவட்டத்தில் கட்டத் தொடங்கியிருந்தார். பெயர் சோல் சிட்டி. ரோடு போட்டார்கள், வீடு கட்டினார்கள், ஆஸ்பத்திரி வந்தது. 1979இல் மத்திய அரசு இதற்குக் கொடுத்த ஆதரவை விலக்கிக்கொண்டது. நகரம் பாதியில் நின்றுபோனது. கறுப்பன் கட்டிய ஊருக்கு அரசாங்கத்திடம் காசு இல்லை. நஞ்சைக் கொண்டுவந்து புதைக்க இருந்தது. இரண்டும் ஒரே மாவட்டம், ஏறக்குறைய ஒரே காலம். இதற்கு மேல் நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு ஐந்திணை நடத்தினார்கள். நிலத்துக்கு நிலம் முதல், கரு, உரி எல்லாம் உண்டு. பூ உண்டு, பறவை உண்டு, பறை உண்டு. ஊரின் அழுக்கு எந்த நிலத்தில் போய்ச் சேரும் என்று அந்தப் பாடத்தில் இல்லை. நான் ஒருநாள் கேட்டேன், வகுப்பில் சிரித்தார்கள். செத்த மாட்டை இழுத்துப் போடுகிற திசை எந்தச் சனத்தின் திசையோ அந்தச் சனத்துக்கு அஃப்டன் கிராமத்தைப் படத்தில் தேடிப் பார்க்காமலே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இப்படிப்பட்ட ஆபத்தான கழிவைப் புதைக்கும் குழி எப்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு (இ.பி.ஏ. என்பார்கள்) விதி எழுதி வைத்திருந்தது. அந்த விதி புரிந்தால்தான் மீதிக் கதை புரியும். குழி வெட்டி, அடியில் தண்ணீர் இறங்காத களிமண்ணைக் கெட்டியாக இடிக்க வேண்டும். அல்லது பிளாஸ்டிக் விரிப்புப் போட வேண்டும். கழிவில் ஊறி அடியில் சேரும் நச்சுநீரை வெளியே இழுக்கக் குழாய் வேண்டும். நிரம்பியதும் மேலே மூடி போட்டு மழை இறங்காமல் அடைக்க வேண்டும். குழியின் அடிப்பாகத்துக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவில் குறைந்தது 50 அடி மண் இருக்க வேண்டும். அப்புறம், குழியைச் சுற்றிக் குறைந்தது மூன்று கிணறு.

இந்தக் கிணறு குடிக்கிற கிணறு கிடையாது. கண்காணிப்புக் கிணறு. சின்னக் குழாய் மாதிரி ஆழமாக இறங்கும். நிலத்தடி நீர் ஓடிவருகிற மேட்டுப்பக்கம் ஒன்று, குழியைத் தாண்டி ஓடுகிற பள்ளப்பக்கம் மற்றவை. மேட்டுத் தண்ணீர் சுத்தமாக இருந்து பள்ளத்துத் தண்ணீரில் நஞ்சு இருந்தால் குழி ஒழுகுகிறது என்று அர்த்தம். அதில் தண்ணீர் எடுத்து நான்கு விஷயம் பார்க்கச் சொல்கிறது விதி: பி.சி.பி. எவ்வளவு, அமில காரத் தன்மை எவ்வளவு, மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது, குளோரின் சேர்ந்த கரிமப் பொருட்கள் எவ்வளவு. கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் மொண்டதற்காக அடிபட்ட சனம் நாம். 1927இல் மகத் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளியதற்கே தலையை உடைத்தார்கள். யாரும் குடிக்காத, பார்ப்பதற்காக மட்டுமே வெட்டிய கிணறு என்று முதன்முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. பிறகு யோசித்தால், அந்தக் கிணற்றுக்கும் அதே கேள்விதான் வருகிறது. மொள்ளுகிற உரிமை யாருக்கு?

அஃப்டனில் அந்த 50 அடி கிடையாது. சில இடங்களில் தரைக்குக் கீழே 5 முதல் 10 அடியிலேயே தண்ணீர் நின்றது என்று சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்ட் எழுதியிருக்கிறார். விதிப்படி பார்த்தால் அங்கே குழி வெட்டவே கூடாது. மாநில அரசு விதிவிலக்குக் கேட்டது. 1979இல் இ.பி.ஏ. கொடுத்துவிட்டது. களிமண்ணும் பிளாஸ்டிக்கும் இருக்கும்போது அவ்வளவு மண் எதற்கு என்பது அவர்கள் வாதம். விதி எழுதியவனே விதியைத் தள்ளி வைத்தான். இதில் கவனிக்க வேண்டிய சங்கதி இன்னொன்று இருக்கிறது. குழிக்குச் சொந்தக்காரர் மாநில அரசு. குழியைக் கட்டுவது மாநில அரசு. கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் பரிசோதிப்பதும் மாநில அரசு. சரக்கும் அவனுது, தராசும் அவனுது.

முதலில் எதிர்த்தவர்களில் வெள்ளைக்காரர்களும் நிறையப் பேர். கென் ஃபெருச்சியோ, டெபோரா ஃபெருச்சியோ என்ற வெள்ளைத் தம்பதி முன்நின்று ஒரு குடிமக்கள் குழு கட்டினார்கள். 1979 ஜனவரியில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நூற்றுக்கணக்கில் சனம் வந்தது. எங்கள் தண்ணீர் கெடும், நிலத்தின் விலை போகும், இந்த மண் இதற்குத் தோது கிடையாது என்று பேசினார்கள். அரசு கேட்டுக்கொண்டது, எழுதிக்கொண்டது, போய்விட்டது. மூன்று வருஷம் கோர்ட்டில் ஓடியது. 1982இல் கறுப்பர் முன்னேற்றத்துக்கான பழைய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. ஒரு வழக்குப் போட்டு, இந்த இடத்தைத் தேர்ந்ததில் நிறவெறி இருக்கிறது என்றது. நீதிபதி ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டார்.

கோர்ட் கதவு சாத்தியதும் சர்ச் கதவு திறந்தது. கோலி ஸ்பிரிங்ஸ் பாப்டிஸ்ட் சர்ச், கறுப்பர்களின் சர்ச். 1982 செப்டம்பர் 15ஆம் தேதி முதல் லாரி வந்த அன்று சனம் அங்கே கூடி, பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, குழிவரைக்கும் நடந்து போனார்கள். லாரிக்கு முன்னால் ரோட்டில் படுத்தார்கள். கிழவிகள் படுத்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் படுத்தார்கள். போலீஸ் ஒவ்வொருவராகக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் பஸ்ஸில் போட்டது. மறுநாளும் அதே. ஆறு வாரம் இப்படி. ஏழாயிரம் லோடுக்கு மேல் மண் வந்து இறங்கியது, ஐந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள். குழி நிரம்பியது. அந்தக் கணக்கில் போராட்டம் தோற்றுத்தான் போனது.

டாலி பர்வெல் என்ற உள்ளூர்ப் பெண்மணி, சர்ச்சுக்காரர், வீடு வீடாகப் போய் ஓட்டர் லிஸ்ட்டில் பெயர் சேர்த்தவர், இந்தப் போராட்டத்தின் முதுகெலும்பு. ஒரு தடவைக்கு மேல் ஜெயிலுக்குப் போனவர். வெளியிலிருந்து வந்தவர்களில் பெஞ்சமின் சாவிஸ் முக்கியமானவர். வில்மிங்டன் பத்துப் பேர் வழக்கு என்று ஒரு பொய்வழக்கில் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்தவர். அந்தத் தண்டனையை 1980இல் அப்பீல் கோர்ட் ரத்து செய்தது. வாரன் மாவட்டத்தில் காரை மெதுவாக ஓட்டினார் என்று சொல்லி அவரைப் பிடித்துப் போட்டார்கள். மெதுவாக ஓட்டியதற்கு! அந்த ஜெயிலில்தான் 'சுற்றுச்சூழல் நிறவெறி' என்ற வார்த்தை தனக்குள் உருவானது என்று அவர் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். நாம் ரொம்பக் காலமாக வார்த்தை இல்லாமலே அனுபவித்துவந்த ஒன்றுக்கு அங்கே ஒரு பெயர் கிடைத்தது.

கைதானவர்களில் வால்டர் ஃபாண்ட்ராய் என்பவரும் ஒருவர். தலைநகர் வாஷிங்டனின் பிரதிநிதி. காங்கிரஸ் சபையில் அவருக்கு ஓட்டு கிடையாது, உட்கார்ந்து பேசலாம். அவர் திரும்பிப் போய், தெற்கு மாநிலங்களில் இந்த மாதிரிக் குழிகள் எங்கெங்கே இருக்கின்றன, சுற்றி வாழும் சனம் யார் என்று எண்ணிச் சொல்லும்படி அரசுத் தணிக்கை அலுவலகத்தைக் கேட்டார். 1983 ஜூனில் ரிப்போர்ட் வந்தது. எட்டு மாநிலங்களில் அப்படிப்பட்ட குழிகள் நான்கு. அவற்றில் மூன்றில் சுற்றி வாழ்பவர்களில் பெரும்பான்மை கறுப்பர்கள். அலபாமாவின் எமெல் குழியைச் சுற்றி நூற்றுக்கு 90 பேர். வாரனில் 66. சவுத் கரோலினாவின் செஸ்டர் மாவட்டத்தில் 52. அந்த எட்டு மாநிலங்களின் மொத்த ஜனத்தொகையில் கறுப்பர்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். சாவிஸ் வேலை பார்த்த ஐக்கிய கிறிஸ்து சபையின் இனநீதி ஆணையம் 1987இல் நாடு முழுவதும் எண்ணியது. நச்சுக்கழிவு வணிகக் கிடங்கு எங்கே வருகிறது என்பதை வருமானத்தைவிட நிறமே நன்றாகக் காட்டுகிறது என்று அந்த அறிக்கை எழுதியது. நாட்டின் மிகப்பெரிய ஐந்து நச்சுக்குழிகளில் மூன்று கறுப்பர், ஹிஸ்பானியர் வாழும் இடங்களில் இருந்தன. மொத்தக் கொள்ளளவில் நூற்றுக்கு நாற்பது அந்த மூன்றில்.

அந்த மூன்றில் ஒன்று கலிபோர்னியாவின் கெட்டில்மன் சிட்டி. பெயரில்தான் சிட்டி, உள்ளே பண்ணைக் கூலிகள், பேச்சு ஸ்பானிஷ். ஏற்கனவே இருக்கும் குழியோடு ஒரு எரிஉலையும் கட்டப் போகிறோம் என்று சுமார் ஆயிரம் பக்கம் ரிப்போர்ட் போட்டார்கள், முழுக்க இங்கிலீஷில். ஊர்க்காரர்கள் மொழிபெயர்த்துக் கொடு என்றார்கள், மாட்டேன் என்றார்கள். வழக்குப் போட்டார்கள். புரியாத மொழியில் கருத்துக் கேட்டால் அது கருத்துக்கேட்பே இல்லை என்று 1991 கடைசியில் கோர்ட் சொன்னது. 1993இல் கம்பெனி எரிஉலைத் திட்டத்தைக் கைவிட்டது. தமிழ் படித்தால் என்ன பிரயோஜனம் என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் கெட்டில்மன் சிட்டியைத்தான் சொல்வது.

இனி 1993க்கு வருவோம். நான் அதிகம் சொல்ல நினைத்தது இங்கேதான் இருக்கிறது. 1982 வரைக்குமான கதையை எல்லாரும் எழுதியாயிற்று. குழியை மூடிய பிறகு லாரியும் டி.வி.க்காரனும் போய்விட்டார்கள். அந்த ஊர்ச் சனம் மட்டும் குழியோடு இருந்தது.

குழியை மூடும்போது கவர்னர் ஜிம் ஹண்ட் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். நஞ்சை நீக்கும் தொழில்நுட்பம் சாத்தியமானதும் இந்த மண்ணைச் சுத்தம் செய்வோம் என்று எழுத்தில் கொடுத்தார். பத்து வருஷம் யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. 1993இல், ஹண்ட் மறுபடியும் கவர்னர் ஆகியிருந்த வருஷம், மாநில அரசே ஒரு விஷயத்தைச் சொன்னது: குழிக்குள் ஏறக்குறைய பத்து லட்சம் கேலன் தண்ணீர் நிற்கிறது. சுமார் 13 அடி உயரத்துக்கு. உலர்ந்த குழி, ஒரு சொட்டு இறங்காது, ஒரு சொட்டு வெளியேறாது என்று சொல்லிக் கட்டிய குழி. மண்ணைக் கொட்டிய நாட்களில் பெய்த மழை உள்ளேயே நின்றது. அதை இழுக்கப் போட்ட குழாய் இழுக்கவில்லை. இவ்வளவு தண்ணீரின் பாரமும் அடிவிரிப்பின் மேல் நின்றுகொண்டிருந்தது.

அரசு என்ன சொன்னது? அவசரமாகத் தண்ணீரை இறைத்துவிடுவோம் என்றது. சனம் என்ன சொன்னது? தண்ணீரை மட்டும் இறைத்துவிட்டு மறுபடி மூடினால் இன்னும் பத்து வருஷம் கழித்து மறுபடி இறைப்பாய். நீ கொடுத்த வாக்கு அது கிடையாது, மண்ணை எடு, நஞ்சை நீக்கு என்றது. வேறு ஊருக்கு எடுத்துக்கொண்டு போ என்று அவர்கள் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எடுத்துப் போனால் எங்கே போகும்? எமெலுக்குப் போகும். அங்கே நூற்றுக்குத் தொண்ணூறு கறுப்பர்கள். எங்கள் பீடையை இன்னொரு கறுப்பன் வாசலில் கொட்டமாட்டோம் என்று நின்றார்கள். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சனமும் அரசு அதிகாரிகளும் சேர்ந்த ஒரு கூட்டுக்குழு உருவானது. அதில் சனம் கேட்டு வாங்கிய மிகப்பெரிய காரியம், தங்களுக்கென்று தனி விஞ்ஞானிகள். சம்பளம் அரசு கொடுக்கும், தேர்ந்தெடுப்பது குழு. அவர்கள் வந்து பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் பிரித்துப் படித்தார்கள். இருக்கிற கிணறுகள் போதாது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையே சரியாகப் பிடிக்கவில்லை, இன்னும் கிணறு வேண்டும் என்ற கேள்விகள் மேலே வந்தன. எதைத் தேடுவது என்பதும் கேள்வி. பி.சி.பி. இருக்கும் எண்ணெயில் ஃபியூரான் என்ற இன்னொரு நஞ்சும் கூட வரும். ஜப்பானில் முதலில் பி.சி.பி.யைத்தான் குற்றம் சொன்னார்கள், பல வருஷம் கழித்துத்தான் ஃபியூரான் அதைவிடக் கொடியது என்று கண்டார்கள். தேடாத நஞ்சு ரிப்போர்ட்டில் வராது. 'கண்டறியப்படவில்லை' என்று டைப் அடித்திருக்கும். அதற்கு இல்லை என்று அர்த்தமா, தேடவில்லை என்று அர்த்தமா, அந்தக் கருவிக்கு அவ்வளவு சின்ன அளவு தெரியாது என்று அர்த்தமா என்பதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் சனத்தின் பக்கம் உட்கார வேண்டும். வாரன் சனம் அப்படி ஒருவரை உட்கார வைத்தது. தண்ணீரை ஒரே கிணற்றில் ஒரே நேரத்தில் இரண்டு பாட்டிலில் எடுத்து, ஒன்றை அரசு லேபுக்கும் மற்றதை வேறொரு லேபுக்கும் அனுப்புகிற வழக்கம் விஞ்ஞானிகளிடம் உண்டு. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் சரி, ஒத்துப்போகாவிட்டால் சண்டை போடலாம். ஒரே பாட்டில் என்றால் சண்டை போடக்கூட வழியில்லை.

இந்த பாட்டில் விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பெயர் வேண்டாம். சேரிக்குத் தெற்கே, சுடுகாட்டை ஒட்டி, தோல் கழிவைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். அடிபைப்பில் தண்ணீர் மஞ்சளாக வந்தது, சோறு பொங்கினால் ஒரு வாடை. மனு கொடுத்து, மறியல் செய்து, கடைசியில் ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். அடிபைப்பை நாலு அடி அடித்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். ஸ்டிக்கர் ஒட்டித் தேதி எழுதினார். ரிசல்ட் வரும் என்றார். வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். அப்படி ஒரு மாதிரி கோப்பில் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. எங்கள் ஆயா அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கும்: "ஏன்டா, எங்க தண்ணிய எடுத்துக்கினு போனானே, அத எங்கடா வச்சான்?" ஆயா செத்து மூன்று வருஷம் ஆகிறது. நான் பதில் சொன்னதில்லை.

வாரன் சனத்துக்குப் பதில் வாங்க இன்னும் பத்து வருஷம் ஆனது. எந்த முறையில் நஞ்சை நீக்குவது, யார் காசு கொடுப்பது என்று இழுத்தார்கள். சட்டசபையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் ஒதுக்கினார்கள், மத்திய அரசும் கொடுத்தது. கடைசியில் மண்ணைத் தோண்டி எடுத்து, மூடிய உலையில் கடும் சூட்டில் சுட்டு, நஞ்சை ஆவியாக வெளியேற்றிப் பிடிக்கும் முறையைக் கையாண்டார்கள். 2001இல் வேலை தொடங்கியது, 2003 கடைசியில் முடிந்தது. 81,600 டன் மண். செலவு ஏறக்குறைய 1 கோடி 80 லட்சம் டாலர். சுட்ட மண்ணை அதே குழியில் போட்டு நிரவிப் புல் விதைத்தார்கள். ரோட்டோரம் எண்ணெய் ஊற்றிய ராத்திரியிலிருந்து கணக்குப் பார்த்தால் இருபத்தைந்து வருஷம். ரோட்டில் படுத்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்திருந்தன. நீக்கியது நல்ல காரியம்தான். ஆனால் அத்தனை வருஷம் பக்கத்துக் கிணற்றில் குடித்தவர்களின் உடம்பை யாரும் முறையாகத் தொடர்ந்து அளந்து பார்க்கவில்லை என்ற ஆதங்கம் அந்த ஊரில் தீரவில்லை. மண்ணுக்கு உலை இருந்தது.

போராட்டம் தந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரெஸ்ட் நடந்த அதே 1982இல் நடந்த தேர்தலில் அந்த மாவட்டத்துக் கறுப்பர்கள் ஓட்டைத் திரட்டிப் போட்டார்கள். மாவட்ட ஆட்சிக் குழுவில் அவர்கள் கை ஓங்கியது. அந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்ற ஈவா கிளேட்டன் 1992இல் அமெரிக்கக் காங்கிரஸ் சபைக்கே போனார். 1991 அக்டோபரில் வாஷிங்டனில் நிறத்தவர்களின் முதல் சுற்றுச்சூழல் மாநாடு கூடி 17 கொள்கைகளை எழுதியது. 1994 பிப்ரவரி 11ஆம் தேதி ஜனாதிபதி கிளின்டன் 12898 எண்ணுள்ள ஆணையில் கையெழுத்துப் போட்டார். எந்த மத்திய அரசுத் துறையும் தன் வேலையால் சிறுபான்மையினர் மேலும் ஏழைகள் மேலும் கூடுதல் சுமை விழுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அந்த ஆணை. 2022 செப்டம்பரில் நாற்பதாம் ஆண்டு நினைவுக்கு அப்போதைய இ.பி.ஏ. தலைவர் மைக்கேல் ரீகன், அந்த மாநிலத்திலேயே பிறந்த கறுப்பர், வாரன் மாவட்டத்துக்கே வந்து சுற்றுச்சூழல் நீதிக்கென்று ஒரு தேசிய அலுவலகத்தை அறிவித்தார்.

2025 ஜனவரி 21ஆம் தேதி ஜனாதிபதி டிரம்ப் 1994இன் ஆணையை ரத்து செய்தார். அடுத்த மார்ச்சில், சுற்றுச்சூழல் நீதி அலுவலகங்களை மூடப்போவதாக இ.பி.ஏ. அறிவித்தது. வாரனில் வைத்து அறிவித்தபோது கைதட்டியவர்களில் 1982இல் ரோட்டில் படுத்தவர்களும் இருந்தார்கள். அறிவித்து மூன்று வருஷம்கூட நிறையவில்லை.

அஃப்டன் ரோட்டோரத்தில் மாநில அரசு நட்ட வரலாற்றுப் பலகை ஒன்று நிற்கிறது. எதிர்த்துப் போராடியவர்களைப் பற்றி, கைது செய்த அதே அரசாங்கம் எழுதி வைத்தது.

எங்கள் ஊரில் போன மாதம் மறுபடி மனு கொடுத்தோம். ஆள் வந்தது. இந்தத் தடவை நாங்களும் ஒரு பாட்டிலோடு போய் அடிபைப்புக்குப் பக்கத்தில் நின்றோம். அவர் பிடித்த தண்ணீரிலேயே பாதியை எங்கள் பாட்டிலில் ஊற்றச் சொன்னோம். சட்டத்தில் இடமில்லை என்றார். சட்டத்தைக் காட்டுங்கள் என்றோம். காட்டவில்லை, ஊற்றினார். ஸ்டிக்கரில் நாங்களே தேதி எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, ஐஸ்பெட்டியில் வைத்து அன்றைக்கு ராத்திரி பஸ்ஸிலேயே பிள்ளைகள் இரண்டு பேரை லேபுக்கு அனுப்பினோம்.